வலது கன்னம்

"பேஷண்ட் யாரு சார், பையனா பொண்ணா? கூட வரலையா?" என்று கேட்டாள் முன்மேசைப் பெண். நாந்தாம்மா என்றார் அருளப்பன். அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பார்வை அவருடைய வலது கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது, சுட்டதுபோல உடனே விலகியது. வயசு சார்? ஐம்பத்து மூன்று என்று தான் சொன்னதைத் தானே பக்கத்தில் நின்று கேட்டதுபோல இருந்தது அவருக்கு. உட்காருங்க, கூப்பிடுவாங்க. உட்காருவதுதான் பெரும்பாடாக இருந்தது. தில்லைநகரில் மாடிக்கு மாடி டாக்டர்கள், இந்த மாடியில் தோல் டாக்டர், சுவரை ஒட்டி நாற்காலிகள், நாற்காலிகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள். முடியை நெற்றியில் இழுத்து விட்டுக்கொண்ட பையன்கள், துப்பட்டாவை மூக்குவரைக்கும் ஏற்றிக்கொண்ட பெண்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் அவரவர் போனுக்குள் குனிந்திருந்தார்கள். அவர்களுடைய அப்பாக்களுக்கே தன்னைவிட வயது குறைவாக இருக்கும். மூலையில் சுவரோடு ஒட்டி ஒரு நாற்காலி காலியாக இருந்தது, வலது பக்கம் சுவர் வரும். அதுதான் நல்லது, கன்னத்தைச் சுவருக்கு மட்டும் காட்டலாம், சுவர் எதையும் கேட்காது. உட்கார்ந்த பிறகும் கை அதுவாக மேலே போய்க் கன்னத்தை மூடிக்கொண்டது. பல்வலிக்காரன் என்று நினைத்துக்கொள்ளட்டும். பல்வலி இந்த வயதுக்கு மரியாதையான நோய். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, எதுவாக இருந்தாலும் மனிதன் கம்பீரமாகப் போய் உட்காரலாம். பரு என்று வந்து உட்காருவது, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போவதைப் போல இருந்தது. முதலில் ஒரே ஒன்றுதான் வந்தது, காதுக்குக் கீழே, தாடை எலும்பின்மேல், கடுகு அளவு. சவரம் செய்யும்போது பிளேடு தட்டி நுரையில் ரத்தம் கலந்த பிறகுதான் தெரிந்தது. கொசு என்று நினைத்தார். பக்கத்திலேயே இன்னொன்று வந்தது, அதற்குக் கீழே ஒன்று, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். இடது கன்னம் மட்டும் அப்படியே இருந்தது, பாதி முகம் கிழவனும் பாதி முகம் விடலையுமாக.

அவர் ஸ்டோர் கீப்பர். தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கில் வேலை, கையில் எப்போதும் கிரீஸ் வாடை. அங்கே பில் போடுகிற இந்திராணிதான் முதலில் கவனித்தாள். "அண்ணே, யாருண்ணே அது?" "யாரும்மா?" "மொகத்துல பரு வந்தா யாரோ நம்மமேல ஆசப்படுறாங்கன்னு அர்த்தம்ண்ணே. எங்க ஊர்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க. யாரோ ஒக்காந்து ஒங்களையே நெனச்சுக்கிட்டிருக்காங்க. சும்மா சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." பிரேக் லைனர் வாங்க வந்து நின்ற மெக்கானிக் ஒருவன், "அருளப்பண்ணன் வயசுக்கு வந்துட்டாருடா, பந்தலுக்குச் சொல்லுங்கடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் சாப்பாட்டு வேளையில் கை கழுவப் போனவர் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டார். யாராக இருக்கும்? சீச்சீ, என்ன கேள்வி இது. ஆனாலும் யாராக இருக்கும்? இந்திராணி இல்லை, அவள் தங்கச்சி மாதிரி, பேரன் பார்த்தவள். கோயிலில் பாடகர் குழுவில் நிற்கிற ரோசலின் டீச்சர்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு திணறியபோது அந்தம்மா திரும்பிப் பார்த்துப் பாட்டின் எண்ணைச் சொன்னார், எண்ணை மட்டும்தான், முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. ஒரு பாட்டு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று இப்போது நினைத்தால் காது மடல் சூடாகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாடகர் குழு இருக்கிற பக்கமாகப் போய் உட்கார்ந்தார். வலது கன்னம் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார், அதுதான் வெட்கக்கேடு, மறைக்க வேண்டியதைக் காட்டிக்கொண்டு. அந்தம்மா இவர் இருந்த திசையே திரும்பவில்லை. பரு காய்ந்து போகக்கூடாதே என்றுகூட அந்த வாரம் ஒரு நினைப்பு வந்து போனது. அது போய்விட்டால் நினைக்கிற அந்த யாரோவும் போய்விடுவாளே. போகவில்லை, வீங்கியது, பழுத்தது, முகம் துடைக்கிற துண்டில் மஞ்சளாகக் கறை வைத்தது. ராத்திரி பற்பசையைத் தடவிக்கொண்டு படுத்தார், எரிந்தது. மருந்துக் கடைக்காரன் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்து, இதப் போடுங்க சார், ரெண்டே நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆயிரும் என்றான். ஆனது. விட்டதும் முன்னைப்போல இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்துகொண்டது.

"கைய எடுடி. எடுன்னா! எப்பப் பாத்தாலும் கை மூஞ்சிலதான்." பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா மகளின் புறங்கையில் பட்டென்று அடித்தார். அருளப்பனும் தன்னையறியாமல் கையைக் கீழே இறக்கினார். மகள் அதைப் பார்த்துவிட்டாள், துப்பட்டாவுக்குள் சிரித்தாள். "கிள்ளுறாளுங்க, கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொண்ணா கிள்ளுறா" என்று அந்த அம்மா அவரிடம் முறையிட்டார், நீண்ட நாள் பழகியவர்போல. "கிள்ளுனா குழி விழும்னு தலபாடா அடிச்சுக்கிறேன். நாளைக்கி ஒருத்தன் வந்து பாக்க வேணாமா?" "ஒருத்தனும் வர வேணாம்" என்றாள் மகள். "வாயி! இந்த வாயிக்கே பரு வரும். எண்ணெய்ப் பலகாரத்த நிறுத்துடீன்னா கேக்கிறதில்ல. ஒங்க பொண்ணு உள்ள இருக்காளாங்க?" இல்லங்க, எனக்குத்தான் என்றார். அந்த அம்மா அவரை ஒரு சுற்றுப் பார்த்தார், கன்னம் சுவர்ப்பக்கம் இருந்ததால் எட்டிப் பார்த்தார். "அட, இந்த வயசுலயா? சூடுங்க. ஒடம்புல சூடு ஏறிப் போச்சு. வீட்ல சொல்லி வெந்தயத்த ராத்திரியே ஊற வெச்சுத் தரச் சொல்லுங்க. பயத்த மாவு அரைக்கச் சொல்லுங்க, அவங்களுக்குத் தெரியும்." சொல்றேங்க என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை வாயை விட்டு எவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு போனது என்று தெரிந்தது. யாரிடம் சொல்வது? பிலோமினா போய் மூன்று வருடமாகிறது. இந்த அம்மாவுக்கு அது தெரியாது, தெரிய நியாயமில்லை, இல்லைங்க, என் வீட்டுக்காரி இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. நினைத்துப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான்தான் ஒவ்வொருத்தருக்கும் போன் செய்து சொன்னார். கோயிலில் ஃபாதர் சொன்னார். தெருவில் சுவரொட்டி சொன்னது. கம்பெனியில் இந்திராணி சொல்லிவிட்டாள், இவர் திரும்பிப் போனபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார்கள், இவர் நின்றால் போதுமானதாக இருந்தது. ஆகவே அந்த வரி இவருக்குள்ளேயே தங்கிவிட்டது, இப்போது வெளியே எடுக்க வேண்டுமென்றால் எந்த முனையைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை.

சொன்னவர்கள் போதாதென்று கேட்கிறவர்கள் வேறு. சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க? உறையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிற அந்தத் தெருவில், தையல்காரரிலிருந்து மளிகைக் கடைக்காரர்வரை அந்த ஒரே கேள்விதான். சாப்பாட்டுக்கு என்ன சார் பண்றீங்க? கேட்கும்போது தலை லேசாகச் சாயும், குரல் இறங்கும். சமைக்கிறேன் என்றால் ஐயோ நீங்களேவா என்பார்கள். மெஸ்ஸில் என்றால் வயித்துக்கு ஒத்துக்குமா என்பார்கள். கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி இருக்கும், சில பேர் அதையும் வெளியே எடுத்து வைப்பார்கள், ஒரு ஆதரவுக்கு, ஒரு துணைக்கு, மணப்பாறைப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. அப்படி ஒரு சாயங்காலம் மளிகைக் கடைக்காரர் படியிறங்கி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பையிலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஆங், சொல்லு என்றார். அவ்வளவுதான். கடைக்காரர் கையை உயர்த்தி, பேசுங்க பேசுங்க என்று ஜாடை காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. மறுநாளும் ஆங், சொல்லு. சரி. ம்ம். பாத்துக்கலாம். ஆனால் தெரு நீளம், ம்ம் என்பதை வைத்துக்கொண்டு அதைக் கடக்க முடியாது, கேட்கிறவனுக்குச் சந்தேகம் வரும். வாக்கியங்கள் வேண்டியிருந்தன. நாக்குக்குப் பழகிய வாக்கியங்கள்தான் தேடாமல் வந்தன. மாத்திரை போட்டியா? கேஸ அணைச்சியா, போய்ப் பாரு. சாப்ட்டுப் படு, எனக்காக முழிச்சிருக்காத. இருபத்தாறு வருடம் வேலைவிட்டு வருகிற வழியில் சொன்னவை, வேறு வாக்கியம் ஒன்றும் கையிருப்பில் இல்லை. அவளிடம் பேசுகிறோம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை, அது தெளிவாக இருக்க வேண்டும், அப்படி நினைக்க ஆரம்பித்தால் வேறு டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். வெறும் வார்த்தைகள். நடுவில் விடுகிற இடைவெளி மட்டும்தான் கொஞ்சம் பயமாக இருந்தது, அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்பது அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது, அதுவும் யாரும் சொல்லிக் கொடுக்காமல். இப்போது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் போன் காதிலேயே இருக்கிறது. தெருவில் யாருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். சமையலறையில் யாருக்காக?

"அருளப்பன்!" என்று கூப்பிட்டாள் முன்மேசைப் பெண். அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவில் அந்தப் பெயர் ஏதோ தாத்தாவை அழைப்பதுபோல விழுந்தது. டாக்டர் சின்னப் பெண், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள், முகம் கழுவித் துடைத்த தட்டுபோல இருந்தது. உட்காருங்க சார் என்று விளக்கை இழுத்து அவர் கன்னத்துக்கு நேராக வைத்தாள். வெளிச்சத்தின் சூட்டில் கண்ணை மூடிக்கொண்டார். யாராவது இவ்வளவு அருகில் அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. கிள்ளுனீங்களா? கொஞ்சம். கிள்ளாதீங்க, தழும்பாயிடும். ஏதாவது போட்டீங்களா? பற்பசையைச் சொல்ல வெட்கமாக இருந்தது, டியூபை மட்டும் சொன்னார். பேரைச் சொன்னதும் அவள் உச்சுக் கொட்டினாள். "அத இன்னிக்கே தூக்கிப் போடுங்க. அது மொதல்ல அமுக்கும், அப்புறம் அதுவே கெளப்பி விடும். மருந்துக் கடையில கேட்டு வாங்கி மூஞ்சியில எதையும் தடவாதீங்க சார். எங்ககிட்ட வர்றதுல பாதிப் பேரு அதனாலதான் வர்றாங்க." உடம்புச் சூடு என்று சொன்னார்களே என்று கேட்டார். அவள் சிரித்தாள். "சூடு இல்ல. தோல்ல எண்ணெய் சுரக்கிற துவாரம் அடைச்சுக்கிது, உள்ள கிருமி வளருது, சீழ் பிடிக்கிது, அவ்ளோதான். எதனால அடைக்கிதுன்னுதான் பாக்கணும். தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டு அப்பிடியே படுப்பீங்களா?" இல்லை, எண்ணெய் வைப்பதை விட்டு நாளாயிற்று. டீ? ஸ்டோரில் நேரத்துக்கு நேரம் வரும், சர்க்கரை தூக்கலாக. "அதக் கொறைங்க. இனிப்பு சில பேருக்கு இத ஏத்தி விடும். சோப்புப் போட்டுத் தேய் தேய்னு தேய்ப்பீங்களா?" தேய்ப்பேன், கிரீஸ் போகணுமில்ல. "கையத் தேய்ங்க, மூஞ்சிய தேய்க்கக் கூடாது. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், மெதுவா கழுவி ஒத்தி எடுங்க. கிரீஸ் கையோட மூஞ்சியத் தொடாதீங்க. சவரம் பண்ண பழைய பிளேடு வேணாம். தலையணை உறை எப்ப மாத்துனீங்க?" அவர் யோசித்தார். தலையணை உறை என்று ஒன்று மாற்றப்படுகிற பொருள் என்பதே ஞாபகத்தில் இல்லை, அது அதுவாக மாறிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. "வாரம் ஒரு தரமாவது மாத்துங்க" என்றாள் அவர் பதிலுக்குக் காத்திராமல். "எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?" இடது பக்கம். "அப்ப அது இல்ல. ஹெல்மெட்?" வண்டி கிடையாதும்மா, பஸ்தான். அவள் நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தி, கையுறை போட்ட விரலால் காதுக்குக் கீழேயிருந்து தாடை வழியாக வாயோரம்வரைக்கும் தொடாமல் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். "பாருங்க, வேற எங்கயும் இல்ல. சரியா போன் படுற எடம்."

அவருக்குக் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. "ரொம்ப நேரம் பேசுவீங்களா சார்?" பேசுவேன் என்றார். பொய் இல்லை. "கன்னத்தோட அழுத்தி வெச்சு?" ஆமாம். "போன் சூடாகும், வேர்வ கசியும், கையில இருக்கிற அழுக்கெல்லாம் கண்ணாடியில ஒட்டியிருக்கும், அத தெனமும் வெச்சுத் தேய்க்கிறீங்க. வேற ஒண்ணுமில்ல. வீட்ல வெளியூர்ல இருக்காங்களா?" அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு ஆட்டல். "அப்ப ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க. இல்ல ஒரு இயர்போன் வாங்கிக்கங்க. கன்னத்துல மட்டும் வைக்க வேணாம். ராத்திரி படுக்கும்போது இந்த ஜெல்ல மெல்லிசா பூசுங்க, மொதல்ல காயும், உரியும், பயப்படாதீங்க, ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும்." ஸ்பீக்கரில் போட்டால். படியிறங்கும்போது அந்த ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால் எதிர்முனையின் மௌனம் தெருவுக்கே கேட்குமே. இயர்போன்? காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வெறும் காற்றோடு கையை ஆட்டிப் பேசிக்கொண்டு போகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார், கிட்டே வந்து ஒயர் தெரிகிறவரைக்கும் பைத்தியம் என்றுதான் தோன்றும். தனக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவில் இருப்பது கன்னத்தோடு ஒட்டிய அந்தக் கறுப்புச் சில்லு ஒன்றுதான், அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தனியாகப் பேசிக்கொண்டு போகிற ஒரு ஆள். ஆகவே கன்னத்தில் வைத்தால்தான் உண்டு, வைத்தால் பரு, வைக்காவிட்டால் தெரு. வேறு ஒண்ணுமில்ல என்று அந்தச் சின்னப் பெண் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். யாரும் நினைக்கவில்லை. ஒருத்தி உட்கார்ந்து உருகவில்லை. அவர் தாமே தம் கையால் தினமும் தேய்த்துத் தேய்த்து வரவழைத்துக்கொண்டது, அது தெரிந்ததில் நிம்மதி வர வேண்டும், ஆனால் ரோசலின் டீச்சர் இன்னொரு தரம் திரும்பிப் பார்க்காமல் போன மாதிரி இருந்தது. கீழே மருந்துக் கடையில் ஜெல்லை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போனை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள், கைக்குட்டைக்கும் கீழே தள்ளினார்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். கை அதுவாக மேலே எழுந்தது, பாதி வழியில் அதைப் பிடித்துத் தலைமுடியைக் கோதி இறக்கினார். காது குளிர்ந்து கிடந்தது, தொப்பியைக் கழற்றிய மாதிரி. முதலில் தையல்காரர். இதோ கேட்கப் போகிறார், பதிலை வாயில் தயாராக வைத்துக்கொண்டார், சமைக்கிறேங்க, ஒரு ஆளுக்கு என்ன பெரிசா. தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார், வழக்கம்போலக் கையை லேசாக உயர்த்தினார், மறுபடியும் துணிக்குள் குனிந்துவிட்டார். முடிவெட்டுகிற கடையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். இட்லி மாவு விற்கிற அம்மா வேறு யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மளிகைக் கடைக்காரர் படியில்தான் நின்றுகொண்டிருந்தார், நேருக்கு நேர் பார்த்தார், பேசுங்க பேசுங்க என்கிற அதே ஜாடையைக் காட்டிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார். காதில் ஒன்றும் இல்லை என்பதுகூட அவர் கண்ணில் படவில்லை. கேள்விக்குப் பயந்து இத்தனை நாள் கவசம் போட்டுக்கொண்டு போனோம், கேள்வி எப்போதோ எழுந்து போய்விட்டிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாளுக்கு நாள் பழக்கி வைத்தது அவர்தான். இப்போது யாராவது கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, எதையாவது, என்ன சார் மழை வருமா என்றாவது. தெரு இவ்வளவு சின்னதா? போனோடு நடந்தால் எவ்வளவு நேரமாகும், இன்றைக்கு வீட்டு முனை அதற்குள் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நடந்தால் பூட்டு, பூட்டுக்குப் பின்னால் சமையலறை.

முனையில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவள் செங்கமலம். முன்பு தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் மகன் வீட்டோடு போன பிறகு, சென்ற ஆண்டு கரூர்ப் பக்கமிருந்து வந்தவள். அவர் சட்டைகளை அவளிடம்தான் போடுவார், காதில் போனோடு விரலைக் காட்டி எத்தனை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. "என்ன சார், போனு ரிப்பேரா?" என்றாள் அவள். அவர் நின்றார்.

"இல்லம்மா. டாக்டரு வேணாம்னுட்டாங்க."

"பேச வேணாம்னா? தொண்டையில எதாச்சுமா சார்?"

"தொண்டையில இல்ல. கன்னத்துல. பரு."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். "பருவா! எம்மவளுக்கு எப்படா வரும்னு பாத்துக்கிட்டிருக்கேன், சாரு முந்திக்கிட்டீங்களே." பிறகு சட்டென்று கவலையாகி, "அப்ப அம்மாவுக்கு என்ன சொன்னீங்க? பேசலன்னா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்றாள்.

"எந்த அம்மா?"

"அதான், நம்ம வீட்டம்மா. தெனமும் இந்த எடத்துல வரும்போது சரியா கேப்பீங்களே, மாத்திர போட்டியா, கேஸ அணச்சியான்னு. எம்புருசன்கிட்டகூடச் சொல்லுவேன். பாருய்யா, பொண்டாட்டி எங்கயோ ஊர்ல இருக்கு, அந்த மனுசன் ஒரு நாளு தப்பாம கேக்குறாரு, நீ பக்கத்துல படுத்துக்கிட்டு செத்தியா பொழச்சியான்னு கேக்க மாட்டேங்கறியேன்னு. எந்த ஊர்ல சார் இருக்காங்க? எப்ப வர்றாங்க?"

கோயமுத்தூர் என்று சொல்லலாம். தங்கச்சி வீட்டில் இருக்கிறாள், பிரசவம், உதவிக்குப் போயிருக்கிறாள், வருவாள். ஒரு தலையாட்டலே போதும், டாக்டரிடம் ஆட்டின அதே ஆட்டல், மனுஷி நம்பிவிடுவாள், நாளைக்கு மறுபடி கேட்பாள், நாளைக்கும் ஒரு ஆட்டல், வருவா வருவா என்று சொல்லிச் சொல்லி பிலோமினா இந்த முனையில் மட்டும் உயிரோடு இருந்துகொண்டிருப்பாள், வண்டிக்காரி ஒருத்தியின் நம்பிக்கையில். அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது, அப்படித் தோன்றியதும் பயம் வந்தது, காலுக்குக் கீழே தரை விட்டுப்போகிற பயம். சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? மச்சான், தவறிட்டாங்க என்றார். ஃபாதர், ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்றார். சுவரொட்டியில் இறைவனடி என்று போட்டிருந்தார்கள். இந்திராணி காலமாயிட்டாங்க என்றிருப்பாள். மேனேஜர் எக்ஸ்பயர் ஆயிட்டாங்க என்றார், மருந்துக்குச் சொல்கிற மாதிரி. எல்லாம் மற்றவர்கள் அவளைப் பற்றிச் சொல்லலாம். இருபத்தாறு வருடம் ஏய் என்றும் என்னடி என்றும் கூப்பிட்டவளை அவர் எப்படிக் காலமாக்குவார், மரியாதையாக எப்படித் தவற விடுவார்? போயிட்டா என்றால் எங்கே என்பாள் இவள். செங்கமலம் பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னத்தை அல்ல, கண்ணை.

"அவ செத்துப்போயிட்டாம்மா" என்றார். குரல் தெருவில் பேசுகிற குரலாக இல்லை, கரகரவென்று எங்கிருந்தோ வந்தது. "மூணு வருஷமாச்சு."

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. கரித்துண்டைக் கிளறிவிட்டாள், தீப்பொறி ஒன்று கிளம்பி அணைந்தது. "அப்ப யாருகிட்ட சார் பேசிக்கிட்டுப் போவீங்க?"

"யாருகிட்டயும் இல்ல."

"தெனமுமா?"

"தெனமும்."

அவள் பெட்டியைக் கையில் எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். "எதுத்தாப்புல யாரும் எதுத்துப் பேசல. அந்த மட்டுக்கும் லாபம்" என்றாள் கடைசியில், முகத்தில் சிரிப்பு வரலாமா கூடாதா என்று தெரியாமல். அருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கன்னத்துத் தோல் இழுத்து எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை எரிச்சலின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அது நிற்காமல் வந்தது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு சட்டையை எடுத்து உதறி, தண்ணீர் தெளித்து, காலரில் பெட்டியை வைத்து அழுத்தினாள். துணி சூடேறுகிற வாசனை வந்தது. அவர் போகவில்லை. நின்றார்.

"என்ன ஆச்சு சார் அவங்களுக்கு? சொல்லுங்க" என்றாள் அவள் நிமிராமலே. "கைதான் வேல செய்யிது. காது சும்மாதான இருக்கு."

அவர் பையைத் தோளிலிருந்து கழற்றி வண்டியின் ஓரத்தில் வைத்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டையும் மரப்பலகையின்மேல் ஊன்றிக்கொண்டார்.

"மொதல்ல சாதாரணக் காய்ச்சல்னுதாம்மா நெனச்சோம்" என்று ஆரம்பித்தார்.